மருந்தில் சேராத மாத்திரை

எனக்கு முன்கோபம் உண்டு. மூக்கு நுனியில் கோபம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கியவள். ஆனால் போன வருஷம் மகளை அறைந்தேனே, அதை அந்தக் கோபத்தோடு சேர்க்க எனக்கு மனமில்லை. கூப்பிட்டதும் வரவில்லை, அவ்வளவுதான். கன்னத்தில் விரல்கள் பதிந்துவிட்டன. பத்து வயதுப் பெண் அழாமல் என்னையே பார்த்தாள். என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கம் சில மாதங்களாகவே இருந்தது. கூடவே நெஞ்சுப் படபடப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. கணவர் வேலைக்காக வடக்கே வந்து குடியேறிய போபோடியில், எங்கள் சந்து முனை டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதாக ரிப்போர்ட் வந்தது. உடம்பே தன் சுரப்பியோடு சண்டை போடும் நோயாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வேறொருத்தி அழுதிருப்பாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடித்தது நானில்லை, நோய். அன்றே மகளை இழுத்து உட்காரவைத்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல கண்ணு. மாத்திரை போட்டா இப்படிக் கத்த மாட்டேன்" என்று சொன்னேன்.

மாத்திரை எழுதுமுன் உறுதிசெய்துகொள்ளப் பார்த்ததில், வேறொரு லேபில் எல்லாம் சரி என்று வந்தது. பழைய லேபில் மறுபடி அதிகம். "முதல்ல உன் ரத்தத்த ஒரு முடிவுக்கு வரச் சொல்லு" என்றார் கணவர், வெடிமருந்து ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில். எரித்துவிடுவது போல் பார்த்தேன். மறுநாளே லீவு போட்டு விமான் நகருக்கு, தைராய்டு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

காத்திருக்கும் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை; எழுந்து நடந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். உள்ளே கூப்பிட்டதும், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று அந்த டாக்டரம்மா இந்தியில் கேட்டார். இல்லை என்றேன்.

"அந்த முடி மாத்திரை?" என்று கணவர் தமிழில் முணுமுணுத்தார்.

"அது மருந்தாங்க? முடி கொட்டாம இருக்க உங்க தங்கச்சி வாங்கிக் குடுத்தது."

எங்கள் வீட்டில் டாக்டர் சீட்டில் எழுதினால்தான் மருந்து. மற்றதெல்லாம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும், மிளகு சீரகம் போல. கணவர் இந்தியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அதில் உள்ள பயோட்டின் என்கிற வைட்டமின் சில லேப்களின் கணக்கைக் குழப்பிவிடும் என்றார் டாக்டர். நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் நிலைகொள்ளவில்லை. நோய் இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

சுரப்பி ஒழுங்காக வேலை செய்வதாக ரிப்போர்ட் வந்தது. அதைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் மட்டும் ரத்தத்தில் இருந்தன. ஒருநாள் நோயாகலாம், ஆகாமலும் போகலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம். இப்போது மாத்திரை தேவையில்லை என்றார் டாக்டர்.

"கோபம் வருது மேடம்" என்று இந்தியில் மன்றாடினேன்.

"அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல" என்றார், அன்பாகத்தான்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள் என் பையைத் துழாவினாள். "அம்மா, மாத்திரை எங்க?"

"டாக்டர் குடுக்கல கண்ணு. வேண்டாமாம்."

பையை மூடி என் கையில் கொடுத்தாள்.

"பரவால்லம்மா. நான் ஜாக்கிரதையா இருந்துக்கறேன்" என்றாள், என்னைத் தேற்றுகிற குரலில்.