போணிக் கை

எட்டு வயதில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ராசிக்கைக்காரி. முதுநகர் பழைய மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருந்தவர்கள் வைத்தது. வீட்டில் கூப்பிட்ட பெயரைவிட எனக்கு அந்தப் பெயரில் பெருமை ஜாஸ்தி.

போணி என்றால் எல்லோருக்கும் தெரியும். காலையில் நடக்கிற முதல் வியாபாரம். முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ, அந்தக் கையைப் பொறுத்துத்தான் அன்றைக்குக் கடை ஓடும் என்பார்கள். வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தராசில் தொட்டுவிட்டுப் பெட்டியில் போடுவார்கள். அந்த முதல் காசை என் கையிலிருந்து வாங்கினார்கள்.

அம்மா கூடவே வருவாள். காயைப் பொறுக்குவது அவள். விலை பேசுவது அவள். எடைக்கல்லை உற்றுப் பார்ப்பதும் அவள்தான். காசு கொடுக்கும் நேரம் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டை என் கையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய்விடுவாள்.

"நீ குடுடி. ஒன் கைதான் ராசி."

கத்தரிக்காய்க் கடை மாமா காதில் செருகிய பீடியோடு இரண்டு கையையும் நீட்டுவார். "வா மகாலட்சுமி! நேத்து நீ குடுத்துட்டுப் போன, பத்து மணிக்கெல்லாம் மூட்ட காலி."

எதிரில் வெங்காயம் விற்கிற அக்கா விட மாட்டாள். "ஏன் மாமா, மத்தியானம் மாடு பூந்து ஒன் கீரையத் தின்னுச்சே, அதுவும் இவ ராசிதானா?"

"மாட்டுக்கு ராசி" என்பார் மாமா.

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். முன்பெல்லாம் அந்த அக்காவோடு சரிக்குச் சரி வாயாடியவள்தான்.

அப்பா லாரி ஓட்டினார். திண்டிவனம் தாண்டி ஒரு விபத்தில் போய்விட்டார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அவர் இருந்தவரை என் கைக்கு ஒன்றும் கிடையாது. அம்மாவே காசு கொடுப்பாள், அவர்களும் வாங்கிக்கொள்வார்கள். அவர் போன பிறகுதான் என் கைக்கு ராசி வந்தது. அப்பா எனக்கு விட்டுவிட்டுப் போனது அது என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் அவர் விட்டுப் போகவில்லை.

அந்தக் கையை நான் பத்திரமாக வைத்திருந்தேன். குப்பையைத் தொட இடது கை. சண்டை போட இடது கை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஸ்கேலை எடுத்தால் இடது கையை நீட்டுவேன். "வலது கையக் காட்டு" என்று ஒருநாள் அதட்டினார். "அது மார்க்கெட்டுக்கு வேணும் சார்" என்றேன். அதற்குச் சேர்த்து இரண்டு அடி விழுந்தது. பக்கத்து வீட்டில் கோழி சீக்கு வந்து சுருண்டு கிடந்தபோது நானாகவே போய்த் தடவிக் கொடுத்தேன். மறுநாள் செத்துப்போனது. என் ராசி காய்கறிக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அம்மா வீட்டில் சமைத்துச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வாடகைக்குப் போதாது. சிதம்பரத்தில் இருந்த மாமா, அம்மாவுக்கு அண்ணன், மாதம் ஒரு தடவை வந்து, "நம்ம வூட்டுக்கே வந்துடு. ஒண்ணா இருந்துக்கலாம்" என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். அவர் பஸ் ஏறியதும் "போவக்கூடாது" என்பாள். என்னிடம்தான் சொல்வாள். வேறு ஆள் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஜங்ஷன் பக்கம் கட்டட வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். நாற்பது பேர். மேஸ்திரி ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தார். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளக்கி எல்லாருக்கும் கொண்டா. பன்னெண்டரைக்கு எறங்கிடணும். நல்லாருந்தா வேல முடியற வரைக்கும் ஒனக்குத்தான். ஆறு மாசம் ஓடும்."

அம்மா அன்றைக்கே அண்டா வாடகைக்கு எடுத்தாள். அரிசி, பருப்பு வாங்கிப் போட்டாள். காய் மட்டும் காலையில். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "இது நின்னுடுச்சுன்னா நாம யாரு வூட்டுக்கும் போவ வேணாம்."

நான் வாட்ச் கேட்டேன்.

மார்க்கெட் வாசலில் ஒருவர் சாக்கு விரித்துப் பொம்மைச் சாமான் விற்பார். பிளாஸ்டிக் வாட்ச், சிவப்புப் பட்டை. முள் நகராது. எப்போதும் பத்து மணி பத்து நிமிஷம். ராசியான கைக்கு ஒரு வாட்ச் வேண்டும் என்று பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பத்து நாளும் "நாளக்கி" என்றாள். அன்றைக்கும் அதையே சொன்னாள்.

விடிந்ததும் போனோம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். காற்று அடித்தது. வெள்ளைக்காரன் காலத்து மார்க்கெட் அது. உயரமான ஓட்டுக் கூரை, வரிசையாக இரும்புத் தூண். மற்ற நாளில் ஆளோடு ஆள் இடிக்கும். அன்றைக்குப் புறா சத்தம்தான் கேட்டது. படகு போகாததால் மீன் பக்கம் ஒருவரும் இல்லை. காய்கறிப் பக்கம் நாலு கடை திறந்திருந்தது. வாங்க வந்தவர்கள் நாங்கள் மட்டும்.

அம்மா வேகமாகப் பொறுக்கினாள். கத்தரிக்காய், பூசணி, முருங்கை. இரண்டு பை நிறைந்தது. எடை போட்டாயிற்று. நோட்டை என் கையில் வைத்தாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"குடுடி."

"வாட்ச் வாங்கித் தந்தாத்தான்."

கடை மாமா சிரித்தார். "ராசிக்கைக்கு ரேட்டு ஏறிப்போச்சா? வாங்கிக் குடுத்துடு தங்கச்சி. முதலாளியம்மா கோச்சிக்கப்போறாங்க."

"சாயந்தரம் வாங்கலாம். சத்தியமா. குடும்மா."

"நேத்தும் நாளக்கின்னுதான் சொன்ன."

நோட்டைக் கீழே விட்டேன். ஈரத் தரையில் விழுந்தது. நான் ஓடிப்போய் ஒரு இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா நோட்டை எடுத்துப் புடவையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு அவளே கடை மாமாவிடம் நீட்டினாள்.

அவர் சிரிப்பு நின்றது. கையை நீட்டவில்லை. தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இரு தங்கச்சி. ஒரு போணி ஆவட்டும். கோச்சிக்காத."

அம்மா நோட்டை மடக்கிக்கொண்டாள். வெங்காயக்கார அக்காவிடம் போனாள். அந்த அக்கா மூட்டை வாயை அவிழ்த்துக் கட்டினாள், திரும்ப அவிழ்த்தாள். "எனக்கொண்ணும் இல்லக்கா. வட்டிக்கு வாங்கிப் போட்ட சரக்கு. காத்தும் மழையுமா வேற இருக்குது. அதான் பாக்குறன்." மற்ற இரண்டு கடையிலும் அதே பதில்தான். ஒருவர் வாயால் சொன்னார். இன்னொருவர் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போனார்.

அம்மா மழையில் இறங்கி வாசலுக்கு ஓடினாள். எனக்குச் சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை வெறுமையாக இருந்தது. மழை வலுத்ததும் பொம்மைக்காரர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்காகக் குடுடி. நேரமாவுது."

"ஏன், நீ குடுத்தா என்னா?" என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தாள். வாய் திறந்தது. உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"ஒன் கைதான் ராசி" என்றாள்.

அப்படியானால் வாட்ச் இல்லாமல் கொடுக்க முடியாது என்றேன்.

அவள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கொடுக்கவைத்திருக்கலாம். எனக்கு எட்டு வயது, ஒரு கை பலம் போதும். அதையும் செய்யவில்லை. எழுந்துபோய் எதிர்த் தூண் பக்கத்தில் நின்றாள். நான் இந்தத் தூணில், அவள் அந்தத் தூணில். நடுவில் எங்கள் காய்ப் பைகள் இரண்டு. கடைக்காரர்கள் நாலு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டே முக்காலுக்குக் குடை பிடித்த ஒருவர் வந்தார். பச்சை மிளகாய் நூறு கிராம் வாங்கினார். கடை மாமா அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தராசில் தொட்டு, பெட்டியில் போட்டார். போட்ட கையோடு எழுந்தார்.

"வா தங்கச்சி, வா, வா. குடு."

காசை வாங்கிக்கொண்டு இரண்டு பையையும் அவரே சுமந்துபோய் ரிக்‌ஷாவில் வைத்தார். கேட்காமலே ஒரு பூசணிக்காயை எடுத்து மேலே வைத்தார். அம்மா அதைப் பார்க்காமல் என்னை வண்டியில் ஏற்றினாள்.

விறகு நனைந்திருந்தது. சாப்பாடு போய் இறங்கியபோது இரண்டு மணி. ஆட்கள் பசி தாங்காமல் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் ஒரு கரண்டி சாம்பாரை வாங்கி நக்கிப் பார்த்தார். "ருசியில கொற இல்லம்மா. நேரத்துலதான் கொற. நாளைலேந்து வேணாம்."

அண்டா அப்படியே திரும்பி வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு சாம்பாரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல நாளாகத்தான் தெரிந்தது.

தை பிறப்பதற்குள் சிதம்பரம் வந்துவிட்டோம்.

மாமா வீடு கீழ வீதிக்குப் பின்னால். கெட்டவர்கள் இல்லை. சோறு போட்டார்கள், துணி எடுத்தார்கள், எட்டாவது வரை படிக்கவைத்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். காலையில் உள்ளே போனால் விளக்கு வைக்கும்போதுதான் வெளியே வருவாள். அவள் அதிகம் பேசுவதில்லை. நானும் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. மார்க்கெட்டுக்கு அத்தைதான் போவாள். பை தூக்க நான். காசை அத்தையே கொடுப்பாள். சிதம்பரத்தில் என் கையை யாருக்கும் தெரியாது. ஊர் மாறினால் ராசியும் கொஞ்ச நாள் தூங்கும், பிறகு எழுந்துகொள்ளும் என்று காத்திருந்தேன். நாலு வருஷம் காத்திருந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. விடிகாலை, ஒரு காய்கறிக் கடை அப்போதுதான் சாக்கு விரித்திருந்தது. அத்தை நோட்டை எடுத்ததும் நான் கை நீட்டினேன்.

"குடுங்க அத்த, நான் குடுக்குறன். என் கை ராசி. முதுநகர்ல என் கையாலதான் போணி பண்ணுவாங்க."

அத்தை சிரித்துவிட்டாள். கடைக்காரரைப் பார்த்தே சொன்னாள்.

"அடிப்பாவி, இத்தினி நாளா அப்பிடியா நெனச்சிக்கிட்டு இருக்கிற? ஒங்கப்பன் போனப்புறம் ஒங்கம்மா கையில எவன் போணி வாங்குவான்? அதான் ஒன் கையில வாங்குனானுங்க. கையாவது ராசியாவது. பையப் புடி."

திட்டாகச் சொல்லவில்லை. நல்ல வெண்டைக்காய் எது என்று சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லி முடித்து வெண்டைக்காய் நுனியை ஒடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. மார்க்கெட்டில் எல்லாக் கடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. முதல் காசு யார் கையிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது, ஃபோன் சத்தம்தான் கேட்கும். அம்மா இருந்திருந்தால் ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்திருப்பேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அத்தை சொன்னதை அம்மா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "நான் குடுத்தா வாங்க மாட்டாங்கடி." அவ்வளவுதான். ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். நாற்பது பேர் சாப்பாடு நேரத்துக்குப் போயிருக்கும். எங்கள் வீடு எங்களுக்கு இருந்திருக்கும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஒன்றேகால் மணி நேரம் அந்தத் தூண் பக்கத்தில் நின்றிருந்தாள், தெரியாமல் இருக்குமா? யாரும் கையால் போணி வாங்காத ஒரு அம்மா எனக்கு இருக்கிறாள் என்று நான் எட்டு வயதில் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தாள். வீடு போனாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக யோசித்துக் கண்டுபிடிக்க ரொம்ப வருஷம் ஆனது.

பன்னிரண்டு வயதில் அந்தப் புத்தி இல்லை. மார்க்கெட்டிலிருந்து வந்து பையை இறக்கிவைத்தேன். பின்கட்டில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. பசியா, அத்தை ஏதாவது சொன்னாளா, வயிறு வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். சாம்பல் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

நான் என் கைக்காக அழுதுகொண்டிருந்தேன். அது சாதாரணக் கைதான் என்று தெரிந்துபோனதே என்று. முதுகில் இருந்த கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.