நான் வாசிக்காமல் தாண்டிய அதிகாரம்

1. வாசிக்கிற வேலை

கண்டி டவுனில் கோப்பிக்கொட்டை சுத்தம் செய்யும் ஸ்டோருக்கு வேலைக்குப் போன முதல் நாளே கங்காணி கேட்டார்: "மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும் படிச்சியாமே? சத்தமா வாசிப்பியா?" முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அங்கே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை, கல் எல்லாம் பொறுக்குவோம். பேசினால் கை நின்றுபோகும் என்று பேச்சுக்குத் தடை. வேதாகமம் வாசித்தால் மட்டும் துரை ஒன்றும் சொல்லமாட்டார். அதனால் தினம் ஓர் அதிகாரம் நான் வாசிப்பேன். என் பங்கைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பொறுக்கிவிடுவார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் முதல் நாள் விட்ட இடத்தை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

2. மாடு இடறிய வரி

என் வீட்டுக்காரர் கோப்பி மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஓர் இறக்கத்தில் மாடு இடறியது. மூட்டை சரியாமல் இருக்கக் கையைக் கொடுத்துத் தாங்கினார். வண்டி அவர்மேல் கவிழ்ந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அடக்கம் முடிந்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

சில நாளில் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ஆறாம் அதிகாரம் வந்தது. முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்துப் போனேன். தாவீது ராஜா தேவனுடைய கட்டளைப் பலகைகள் இருக்கும் பெட்டியைப் புது வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார். கண் அடுத்த வரிகளுக்கு ஓடியது. மாடுகள் இடற, ஊசா என்பவன் கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான். கர்த்தர் அவனை அங்கேயே அடிக்கிறார், சாகிறான்.

அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. தாளைப் புரட்டி ஏழாம் அதிகாரத்தைத் தொடங்கினேன்.

"ஏண்டி எஸ்தரு, வண்டியில ஏத்துன பெட்டி என்னாச்சு?" என்றாள் பக்கத்தில் பொறுக்கும் பேச்சி.

"வந்து சேந்துருச்சு."

"அதுக்குள்ளயா? ஒன் ராசா வீட்டு மாட்டுக்கு றெக்கை மொளச்சிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை மூடினேன். தொண்டை சரியில்லை என்று அதன்பிறகு வாசிக்கவே இல்லை. ஸ்டோரில் கொட்டை உருளும் சத்தம் மட்டும்தான்.

3. உபதேசியார் சொன்னது

சபையில் வேதம் போதிக்கும் யாழ்ப்பாணத்து உபதேசியார் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது ஊசாவைப் பற்றிக் கேட்டேன்.

"பெட்டியைத் தோளில சுமக்கவேணும், தொடக்கூடாது எண்டு கட்டளை, பிள்ளை. வண்டியில ஏத்தினதே பிழை."

"தாங்கத்தானே ஐயா கைய நீட்டுனான்?"

"ஓம், தாங்கத்தான். அதுக்கு மேல எனக்கும் விளங்கேல்லை." என் முகத்தைப் பார்த்து, "உம்மட மனுசன்ர சாவை இதோட சேத்து முடிச்சுப் போடாதயும்," என்றார்.

சரிதான். ஆனால் முடிச்சு ஏற்கெனவே விழுந்திருந்தது. கர்த்தர் நீதியுள்ளவர் என்று படித்தவள் நான். அவர்தான் என் வீட்டுக்காரரையும் அடித்தாரோ என்ற பயத்தில் ஜெபத்தில்கூட மனசில் இருந்த கோபத்தை மறைத்து நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன்.

4. அடுத்த வரிகள்

ஒருநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் அந்தத் தாளைத் திறந்தேன். முன்பு பயத்தில் ஊசா செத்த வரிக்குக் கீழே நான் பார்க்கவே இல்லை. அங்கே தாவீது மனம் கொதிக்கிறார். கர்த்தருக்குப் பயந்து, பெட்டி என்னிடம் எப்படி வரும் என்கிறார். வேறொருவர் வீட்டில் அதை விட்டுவிட்டு மூன்று மாதம் கிட்டே போகவில்லை. அதற்காகக் கர்த்தர் அவரை அடிக்கவில்லை. அந்தக் கோபத்தை வேதம் மறைக்கவும் இல்லை.

மறுநாள் அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். மாடு இடறிய இடத்தை அழுதுகொண்டே வாசித்தேன். ஒருத்தியும் தலை தூக்கவில்லை. முடித்ததும் பேச்சி மெதுவாகச் சொன்னாள்:

"ராசாவுக்கே அவரு சாமி மேல கோவம் வந்துச்சுல்ல? ஒனக்கு வந்தா மட்டும் என்னடி?"

அன்று சாயந்தரம் ஆளில்லாத வீட்டில் முழங்கால் போட்டு, ஏன் எடுத்தீர் என்று கர்த்தரிடம் சத்தமாகவே கேட்டேன். பதில் வரவில்லை. என்னை அவர் தள்ளவும் இல்லை.

ஊசா செத்ததன் நியாயம் இன்றும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்காததால் அவர் அநீதியுள்ளவர் ஆகிவிடமாட்டார். எனக்குப் பின் வாசிக்கிற வேலைக்கு வரும் பிள்ளைகளே, பயமுறுத்தும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். அழுதுகொண்டாவது கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.