இறாலுக்குப் பக்கத்து விலாசம்

ஆஸ்திரேலியாவின் அவசர அழைப்பு அறையில் என் பக்கத்து நாற்காலி நோரீனுடையது. அன்று டெஸ் என்ற பெரியவர், மருமகளுக்குப் பிரசவ வலி என்று அவளிடம் அலறினார். திரையில் அந்த போனுக்குப் பதிந்திருந்த ஜீலாங் விலாசம்.

“அது பழைய வீடும்மா! இன்டர்நெட் போனைக் கழட்டி கேரவன்ல மாட்டிக்கிட்டு ஊர் சுத்துறோம்.”

“இப்ப எந்த ஊரு?”

“மகன் ஓட்டுனான், நான் தூங்கிட்டேன்!”

“ஜன்னல்ல என்ன தெரியுது?”

“வீடு உசரத்துக்கு ஒரு இறாலு சிலை!”

“அந்தப் பெரிய இறால் இருக்கற ஊரு பாலினாதான். ஆம்புலன்ஸ் வருது.”

பெண் குழந்தை. அறையே கைதட்டியது.

அடுத்த மாதம் டெஸ் மறுபடியும் கூப்பிட்டார், பேத்தியின் பெயரைச் சொல்ல!

“அதுக்கு இந்த நம்பரா?” என்று எரிந்து விழுந்த நோரீன், திரையைப் பார்த்துக் குளிர்ந்தாள். “பெரிய இறாலுக்குப் பக்கத்தில், பாலினா” என்றிருந்தது.

“பரவால்லியே, விலாசத்தை மாத்திட்டீங்க! இன்னும் அங்கதானா?”

“இல்லம்மா, கெய்ர்ன்ஸ் வந்து மூணு வாரமாச்சு.”