வாசலில் நீல நாற்காலிகள்

‘யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?’ என்று அன்று என்னைக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. வாசலில் நீல நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. என் கணவர் சேகர் கேட்டார். அவருடைய தம்பி குமார் கேட்டார். கூட்டத்தில் ஒரு பெரியவர், “படிச்ச பொண்ணுன்னு கட்டினாந்தீங்க, இன்னா காரியம் பண்ணிக்கீது பாரு” என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

இறந்தவர் என் மாமனார் ஏழுமலை. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாமியானா கட்டி நாற்காலி போட்டவர். அவருடைய நாற்காலிகள் சிவப்பு. நீலம், சாந்தோமில் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணனுடையது. சேகர் பிறப்பதற்கு முன்பிருந்தே இரண்டு கடைக்கும் போட்டி. “அந்தோணி, உன் சேர்ல குந்துனவன் எழுந்துக்கறப்போ சேரும் கூடவே வருதாமே?” என்று மாமா கேட்பார். “உன் சாமியானாவுல நட்சத்திரம் எண்லாம்ணே, அவ்ளோ ஓட்ட” என்பார் அவர். அப்படிப்பட்ட ஏழுமலையின் வாசலில், அவர் இறந்த அன்று, போட்டிக் கடை நாற்காலி.

செய்தி காலையில் வந்தது. தேநீருக்குப் பால் வைத்திருந்தேன். மருத்துவமனையில் மாமாவுக்குத் துணையாக இருந்த குமார் கூப்பிட்டார். “அண்ணி, நைனா பூட்டாரு” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அத்தையிடமும் சேகரிடமும் போய்ச் சொன்னேன். அத்தை சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேகர் அழவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கிடங்குச் சாவியை எடுத்தார். “பந்தலுக்குப் பைப்பு பத்தாது. மழ வேற வர்ற மாரி கீது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

இப்படித்தான் நடக்கும் என்று மாமா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். நான் சமையலறைக்குத் திரும்பிப் போய் அந்தோணி அண்ணனுக்குத் தொலைபேசி செய்தேன்.

மாமா பிறந்தது கோட்டூர்புரத்தில், ஆற்றோரக் குடிசை ஒன்றில். இளம் வயதில் தி.நகரில் ஒரு வாடகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது மடக்கு நாற்காலிகள் இரும்பில் இருந்தன. மூன்று சக்கர வண்டியில் அவற்றை மலைபோல் அடுக்கி, தி.நகர் மண்டபங்களுக்கும் மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும் மிதித்துக்கொண்டு போவார். அந்த இரும்பு கடித்த தழும்பு வலது கையில் கடைசிவரை இருந்தது. தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகுதான் மந்தைவெளியில் சொந்தக் கடை. அவர் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுவார், அத்தை திரும்பி வந்ததைக் கழுவுவார்.

தொழிலில் அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. கல்யாண வீட்டில் நாற்காலியைச் சத்தத்தோடு இறக்கச் சொல்வார். “சேர் சத்தம் கேட்டாதான் வூடு நெறஞ்சாப்புல இருக்கும்” என்பார். சாவு வீட்டில் ஒரு கால்கூடத் தரையில் உரசக் கூடாது. இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையைக் கிடத்துவதுபோல் வைக்க வேண்டும். “அங்க சேர் பேசக் கூடாது” என்பார். வேலை முடிந்து அங்கிருந்து கிளம்பும்போது யாரிடமும் ‘வரேன்’ என்று சொல்ல மாட்டார். வண்டியைச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டு போய், தெரு திரும்பிய பிறகுதான் ஏறுவார். ஊருக்கெல்லாம் நாற்காலி போட்டவர், தன் நாற்காலியில் தான் உட்கார்ந்ததில்லை. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவரே நாற்காலி போட்டார். சேகர் மேடையில் பரிசு வாங்கியபோது பின்வரிசைக்கும் பின்னால் நின்றபடி கைதட்டினாராம்.

ஊர் ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வேலை நாள். முகூர்த்தம் இல்லாத நாளே எங்களுக்கு ஞாயிறு. அது செவ்வாயாக இருந்தாலும் அன்றைக்கு வஞ்சிரம் வாங்குவார். எல்லோரும் வந்து உட்காரும்வரை குழம்புச் சட்டியைத் திறக்க விட மாட்டார். ஆடி மாதம் கல்யாணம் இல்லை என்று இந்தத் தொழிலில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். மாமாவுக்கு அதுதான் பண்டிகை மாதம். மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் என எல்லோரையும் நாற்காலி ஏற்றும் சரக்கு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார். “ஆடியிலதான்யா எனக்குக் குடும்பம் ஒண்ணு கீதுன்னே தெரியுது” என்பார். அத்தை உடனே, “மீதி மாசத்துக்கு நாங்க யாரு, உன் சாமியானாவா?” என்பார்.

ஆற்றில் பெருவெள்ளம் வந்த ஆண்டில் கிடங்கு கோட்டூர்புரத்தில் இருந்தது. தண்ணீர் ஏறியபோது பந்தி மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அத்தையையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் மேலே ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் மேசையைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். கண்ணெதிரே சிவப்பு நாற்காலிகள் மிதந்து போயின. அத்தை கத்தினாராம். “போவட்டும் வுடு. கடலாண்ட எவனாவது குந்துவான்” என்றாராம் இவர்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இரண்டு அறை, எப்போதும் ஆள், எப்போதும் பேச்சு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது, படிக்கத்தான் வரும். கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தோடு மாடிப்படியில் உட்காருவேன். ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டுப் படிப்பேன். ஒருநாள் மாமா, “இன்னா பொஸ்தகம், இங்க வா” என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில், அடுக்கிய சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவே ஜன்னலோரமாக இடம் ஒதுக்கி, கைவைத்த மரநாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார். “இது வாடகைக்குப் போவாது. நீ குந்து” என்றார். நான் அங்கே இருக்கும்போது வேலையாட்கள் நாற்காலி எடுக்க வந்தால், சாவு வீட்டில் வைப்பதுபோல் சத்தமில்லாமல் எடுக்கச் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கண்ணீர் வரும்.

அந்தக் கிடங்கில்தான், சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், அவர் அதைச் சொன்னார். சாவு வீட்டிலிருந்து வந்த நாற்காலிகளை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. மாமா தன் அப்பாவின் சாவுக்குத் தன் கையாலேயே தெரு அடைக்கப் பந்தல் கட்டினார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது அதைச் சொல்லுவார்கள். சேகரும் குமாரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

“அது பெருமல்லாம் இல்ல கண்ணு” என்றார் மாமா, நாற்காலியைத் திருப்பிக்கொண்டே. “வேலய வுட்டா அழுதுடுவேன்னு பயம். அதான் கட்டிக்கினே இருந்தேன். இங்க ஒரு கயிறு, அங்க ஒரு கயிறு. கொள்ளி வெக்கறது அண்ணன், நமக்கு இன்னா வேலன்னு கட்டிக்கினே கெடந்தேன். வாய்க்கரிசி போடக் கூப்டாங்க. அப்பதான் மூஞ்சியப் பாத்தேன். பாத்துக்கினு இருக்கசொல்லோ தூக்கிட்டாங்க. அன்னிக்குப் போட்ட முடிச்சு ஒவ்வொண்ணும் ஞாபகம் கீது. எங்க நைனா மூஞ்சி ஞாபகம் இல்ல.”

அடுத்த நாற்காலியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, “நான் போனா எம் பசங்களும் அதயேதான் செய்வானுங்க. சாவியத் தூக்கிக்கினு ஓடுவானுங்க. நம்ம சேர் வர வேணாம். அந்தோணிக்குச் சொல்லு. எம் பசங்க எம் பக்கத்துல குந்தட்டும்” என்றார்.

“இதை நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க மாமா.”

“இப்போ சொன்னா, ‘இன்னா நைனா பேசற நீ’ன்னு வாய அடைப்பானுங்க. அன்னிக்கு நீ சொன்னா, ‘நைனா சும்மானா சொல்லியிருப்பாரு’ன்னு ஓடுவானுங்க. சொல்லாத. செஞ்சிடு. இந்த வூட்லயே வாய மூடிக்கினு இருக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.”

அதனால்தான் அன்று நான் பதில் சொல்லவில்லை.

மாமாவின் உடல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீல நாற்காலிகள் பாதி இறங்கியிருந்தன. அந்தோணி அண்ணனின் ஆட்கள் ஒரு சத்தமும் இல்லாமல் அவற்றை வைத்தார்கள். சேகர் அவர்களில் ஒருவர் கையிலிருந்த சாமியானாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “ஊருக்கே சேர் போட்டவருக்கு வாடக சேரா? எங்க மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? வண்டியத் திருப்புண்ணே” என்று அந்தோணி அண்ணனிடம் சொன்னார். குமார் பின்னால் வந்து நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தைகூடப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளும் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிடங்குக்குப் போனால் மாமா கேட்ட ஒரே காரியம் கெட்டுப்போகும். பேசினாலும் கெடும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தோணி அண்ணன் என்னிடம் வந்தார். “கண்ணு, நீயா கூப்டியா, ஏழுமலை அண்ணன் கூப்டச் சொன்னாரா?”

நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவரும் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். சேகரிடம் போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.

“வுடு சேகரு. இது என் வேல. உன் வேல உள்ள கீது.”

சேகர் விடவில்லை.

“டேய், உங்கப்பன் உயிரோட இருந்தவரிக்கும் எனக்கு ஒரு ஆர்டர் வுட்டுக்குடுத்தது இல்ல. மொத மொறயா குடுத்துக்கீறாரு. அதயும் புடுங்குவியா நீ?”

யாரோ சிரித்துவிட்டார்கள். சேகரும் சிரிக்கத்தான் போனார். அது அழுகையாக வந்தது. கயிறு கையிலிருந்து நழுவியது. அந்தோணி அண்ணன் அவர் தோளைப் பிடித்து உள்ளே திருப்பிவிட்டார். குமாரும் பின்னாலேயே போனார்.

மாலையில் எடுக்கும்வரை இருவரும் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் எதற்கும் எழுப்பவில்லை. குமார் அப்பாவின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். சேகர் அவருடைய வலது கையைத் தூக்கி அந்தத் தழும்பைத் தடவினார். “இது இரும்பு சேர் கடிச்சது, இல்லம்மா?” என்று அத்தையிடம் சின்னப் பிள்ளைபோல் கேட்டார். வெளியே மழை தூறியது. சாமியானா ஒழுகவில்லை.

எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்புவதற்குள் வாசல் காலியாகியிருந்தது. அந்தோணி அண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் சேகரைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், மரநாற்காலியில் உட்காரவைத்து, மாமா சொன்னதைச் சொன்னேன். எழுந்து ஜன்னலைத் திறந்தார். பிறகு, “நைனா மூஞ்சி எனக்கு ஞாபகம் கீது” என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார்.

மாமா, சாவு வீட்டில் ‘வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது உங்கள் வழக்கம். நானும் சொல்லவில்லை. உங்கள் பொஸ்தகம் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறேன்.

சென்ற வாரம் அந்தோணி அண்ணனின் அம்மா தவறிப்போனார். சேகரும் குமாரும் சிவப்பு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு சாந்தோமுக்குப் போனார்கள். அந்தோணி அண்ணன் கையில் கயிற்றோடு வாசலில் நின்றிருந்தார். சேகர் அதை வாங்கிக்கொண்டார். அந்தோணி அண்ணன் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.