மூன்றாம் எண் கொதிகலன்

1928ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் வாரத்தில் திருவேங்கடம் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு நோட்டுப் புத்தகங்களுமாகப் பெல்-ஓர்மோ சர்க்கரை ஆலைக்கு வந்து சேர்ந்தான். வயது இருபத்திரண்டு. போர்ட் லூயிஸுக்கு வடக்கே ட்ரியோலேயில் ஒன்றரை அர்ப்பான் நிலத்தில் கரும்பு போட்டிருந்த விநாயகத்தின் ஒரே மகன். மோகாவுக்குப் பக்கத்தில் இருந்த விவசாயக் கல்லூரியில் சர்க்கரைத் தொழில் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் வகுப்பில் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் ஆலை மேலாளர்களின் பிள்ளைகள், பெருந்தோட்டக்காரர்களின் மருமகன்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், கேலி பிரெஞ்சில் நடக்கும். திருவேங்கடம் முதல் ரயிலைப் பிடித்து வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு போவான். பரீட்சையில் இரண்டு முறை முதலாவதாக வந்தான். அதன்பிறகு கேலி குறைந்தது, பேச்சும் குறைந்தது.

கல்லூரியில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு மாணவனும் ஒரு கரும்பு வெட்டுக்காலம் முழுவதும் ஏதாவது ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பழக வேண்டும். தினமும் குறிப்பு எழுத வேண்டும். முடிந்ததும் அந்த ஆலையின் கெமிஸ்டிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் வாங்கிவர வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சை இல்லை. மற்றவர்கள் மாமன், சித்தப்பன் ஆலைகளுக்குப் போனார்கள். திருவேங்கடம் ஏழு ஆலைகளுக்கு எழுதினான். பெல்-ஓர்மோவிலிருந்து மட்டும் பதில் வந்தது. அங்கே கெமிஸ்டின் உதவியாளர் மலேரியாவில் படுத்திருந்தார்.

தங்குவதற்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்குத் தம்பி முறையான மருதை அந்த ஆலையில்தான் கொதிகலன்களுக்கு நெருப்புப் போடும் வேலையில் இருந்தார். தோட்டத்துக் குடியிருப்பில் ஓலை வேய்ந்த வீடு. மருதையின் மனைவி பூங்காவனம் முன்னறையைக் காலிசெய்து கொடுத்தாள்.

"மாப்ளே கோட்டு போட்டுக்கிட்டு ஆலைக்குள்ள போறத நம்ம ஆளுங்க பாக்கணும்" என்றார் மருதை. மறுநாள் காலையில் தன் கூட்டாளி சின்னனிடம், "இவரு எங்க அக்கா மவன். கெமிஸ்ட்டு" என்று அறிமுகப்படுத்தினார். "இன்னும் ஆகல மாமா" என்று திருவேங்கடம் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கரும்பு நசுக்கும் உருளைகளின் சத்தம் அப்படி.

கெமிஸ்ட் மிஸ்யே ஜான்-போல் மெலிந்த மனிதர், மென்மையாகப் பேசுகிறவர். ஆலையில் துரைமார் எல்லோரையும் 'மிஸ்யே' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் திருவேங்கடத்துக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று தண்ணீர் பார்ப்பது. கொதிகலனில் உண்டாகும் நீராவி, கரும்புச் சாறு காய்ச்சும் பெரிய கலங்களைச் சூடாக்கிவிட்டுக் குளிர்ந்து தண்ணீராகி மறுபடி கொதிகலனுக்கே திரும்பும். வழியில் ஒரு குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சாறு அதில் கலந்துவிடும். சர்க்கரை கலந்த தண்ணீர் உள்ளே போனால் கொதிகலனின் குழாய்களில் கரி பிடிக்கும். கரி பிடித்த இடத்தில் இரும்பு பழுத்துச் சிவந்து, இளகி, ஒருநாள் வெடிக்கும்.

அதற்காகத்தான் மணிக்கொரு தடவை சோதனை. தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, சோதனைக் குழாயைச் சாய்த்து, ஓரமாகக் கந்தக அமிலத்தை மெல்ல இறக்க வேண்டும். அமிலமும் தண்ணீரும் தொடும் இடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் நல்லது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம் விழுந்தால் சர்க்கரை.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் வளையம் விழவில்லை. செப்டம்பர் பதினொன்றாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு, மூன்றாம் எண் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் ஒரு நூலிழை தெரிந்தது. திருவேங்கடம் குழாயைக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தான். நூலிழை அங்கேயே இருந்தது.

மிஸ்யே ஜான்-போல் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ஜினியர் மிஸ்யே டானியேலைக் கூப்பிட்டனுப்பினார். என்ஜினியர் எண்ணெய்க் கையோடு வந்தார்.

"பேனா நாஞே" என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். "வெட்டுக்காலம் முடிய இன்னும் பத்து வாரம். முடிந்ததும் எல்லாக் கலங்களையும் பிரித்துப் பார்ப்பேன். ஒரு வளையத்துக்காக ஆலையை நிறுத்தச் சொல்கிறாயா?"

அவர் போனதும் மிஸ்யே ஜான்-போல், "பதிவேட்டில் 'சிறிதளவு' என்று எழுது" என்றார்.

அன்றைக்கு அது சிறிதளவுதான். அதனால் எழுதினான்.

அடுத்த வாரங்களில் வளையம் தடித்தது. அக்டோபர் நடுவில் அது கருநீலத்துக்கு வந்துவிட்டது. அமிலத்தை இறக்கும்போதே நிறம் ஏறியது. பதிவேட்டில் ஒவ்வொரு மணிக்கும் "சிறிதளவு" என்றே எழுதினான். கல்லூரிக்குக் காட்ட வேண்டிய தன் நோட்டில் மட்டும் கண்ணில் கண்டதை எழுதினான். ஒரே கை, ஒரே பேனா. இரண்டு புத்தகங்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவன் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதில்லை.

ஆலையில் புதிதாக ஒரு வாசனை வந்திருந்தது. பாகு தீய்ந்த வாசனை. சர்க்கரை ஆலையில் அது பெரிதல்ல என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அது காய்ச்சும் இடத்திலிருந்து வரவில்லை, நீராவிக் குழாய்களின் வாயிலிருந்து வந்தது. சோதனைக்குப் பிடித்த தண்ணீரும் தேநீர் நிறத்தில் இருந்தது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது மருதை சோற்றில் கை வைத்தபடி யோசனையாக இருந்தார்.

"மாப்ளே, மூணாம் நம்பர்ல தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடி இருக்குல்ல, அதுல தண்ணி நிக்கமாட்டேங்குது. குதிக்குது. நுரை கட்டுது. நீங்க படிச்சவரு, ஏன்னு சொல்லுங்க."

திருவேங்கடம் சாப்பிடுவதை நிறுத்தினான். வளையத்தைப் பற்றிச் சொன்னான். என்ஜினியர் சொன்னதைச் சொன்னான். பதிவேட்டில் என்ன எழுதுகிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றார் மருதை. "அடுப்புல சக்கை தள்ளக் கதவத் திறந்தா உள்ள ரெண்டு குழாயில செவப்பா ஒரு திட்டு தெரியுது. நேத்து ஒரு காசு அளவு. இன்னைக்கு உள்ளங்கை அளவு."

"அந்தக் கதவுக்கு நேரா நிக்காதீங்க மாமா."

மருதை சிரித்தார். "நெருப்புப் போடுறவன் வேற எங்க நிப்பான்?"

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். திருவேங்கடம் சாறு மாதிரி எடுத்துக்கொண்டு இருந்தான். நசுக்கும் உருளைகளின் சத்தம் மெதுவாக இறங்கிற்று. இறங்கி, முனகி, நின்றது. மூன்று மாதமாக ஓயாத சத்தம் நின்றபோது வெளியே மாட்டு வண்டிகளின் மணி கேட்டது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கொதிகலன் பக்கம் ஓடினான்.

மருதையும் சின்னனும் நீண்ட இரும்புக் கொக்கிகளால் மூன்றாம் எண் அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தணல். நீராவி குறைந்துதான் உருளைகள் நின்றிருந்தன. என்ஜினியர் கத்திக்கொண்டு வந்தார். மருதை நிறுத்தவில்லை. கடைசித் தணலையும் இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மருதை மேசைக்கு முன்னால் நின்றார். சாறு புட்டிகளைக் கையில் பிடித்தபடி திருவேங்கடம் கதவோரம் நின்றான். மிஸ்யே ஜான்-போலும் இருந்தார்.

"கிசான்லா?" என்றார் மேலாளர். யார் என்று அர்த்தம். "கொதிகலனில் கோளாறு என்று உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மிஸ்யே. இருபத்தாறு வருசமா நெருப்பப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஆய்வுக்கூடத்திலிருந்து யாராவது?"

மிஸ்யே ஜான்-போல் திரும்பித் திருவேங்கடத்தைப் பார்த்தார். அதட்டும் பார்வை இல்லை. கொஞ்சம் களைத்த பார்வை. கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பது இருவருக்கும் தெரியும். 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு வார்த்தை திருவேங்கடத்தின் வாய்வரை வந்தது. புட்டிகளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

"யாரும் சொல்லல" என்றார் மருதை மறுபடி. அவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றே வேலை போயிற்று. வேலை போனால் வீடும் போகும். அதற்குள் கொதிகலன் ஆறிவிட்டது. திறந்து பார்த்தபோது இரண்டு குழாய்கள் இரை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் வீங்கியிருந்தன. அந்த இரண்டை மட்டும் வெட்டி எடுத்து மாற்றினார்கள். சாறு எங்கே ஒழுகுகிறது என்று தேட அவகாசம் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மறுபடி நெருப்பு மூட்டினார்கள். மருதை சொல்லிச் செய்தவன் என்று விடப்பட்ட சின்னன், மருதையின் இடத்தில் நின்றான். மருதை செய்தது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. வெடிக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

வண்டியில் சாமான் ஏற்றும்போது திருவேங்கடம் கூடவே நின்று ஏற்றினான். பூங்காவனம் அம்மியைத் தூக்க முடியாமல் தடுமாறினாள். அவன் வாங்கி வைத்தான்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதப்பா" என்றாள். அவளுக்கு விவரம் தெரியாது.

"மாமா, நான் அங்க..." என்று ஆரம்பித்தான்.

"நேரமாச்சு மிஸ்யே" என்றார் மருதை. "தண்ணி பாக்கணும்ல, போங்க."

அதற்கு முன் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நவம்பர் கடைசியில் கடிதம் கையெழுத்தானது. "கவனமானவர், வாயடக்கம் உள்ளவர்" என்று மிஸ்யே ஜான்-போல் எழுதியிருந்தார். கல்லூரியில் அதைப் படித்துவிட்டுக் கை குலுக்கினார்கள். அடுத்த ஏப்ரலில் அவனுக்குப் பட்டயம் கிடைத்தது. தெற்கே ஓர் ஆலையில் உதவிக் கெமிஸ்ட் வேலையும் கிடைத்தது. ட்ரியோலேயில் விநாயகம் கோயிலில் பொங்கல் வைத்தார். மருதை குடும்பம் அப்போது அதே ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகையைத் தட்டி வைத்து மறைத்துக் குடியிருந்தது. அவர்கள் பொங்கலுக்கு வரவில்லை.

1929 ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, பெல்-ஓர்மோவில் மூன்றாம் எண் கொதிகலன் வெடித்தது. திருவேங்கடம் மறுநாள் பத்திரிகையில் படித்தான். இரண்டு பேர் சாவு, ஐந்து பேருக்கு வெந்த காயம். செத்தவர்களில் ஒருவன் சின்னன். அடுப்புக் கதவு பிய்த்துக்கொண்டு வந்து எதிர்ச்சுவரில் பதிந்துவிட்டதாம். அவன் அந்தக் கதவுக்கு நேராக நின்றிருந்தான்.

அன்று முழுவதும் திருவேங்கடம் வழக்கம்போல வேலை செய்தான். மாலையில் பெட்டியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தான். விசாரணை நடந்த நாளில் யாரும் கூப்பிடாமலே அதோடு போனான்.

மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டார். நோட்டைப் புரட்டினார். ஆலையின் பதிவேட்டையும் வரவழைத்துப் பார்த்தார்.

"இரண்டும் உன் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"இதில் 'சிறிதளவு' என்கிறாய். அதில் 'மிகக் கடுமை' என்கிறாய். எது பொய்?"

"பதிவேடு."

"பொய் எழுதினேன் என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் இந்த நோட்டை நான் எப்படி நம்புவது? அதுவும் போன வருஷத்து நோட்டு."

மிஸ்யே டானியேல் முன் வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மிஸ்யே ஜான்-போல் வரவில்லை, உடம்புக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். எதிர்பாராத விபத்து என்று தீர்ப்பாயிற்று.

தெற்கு ஆலையின் மேலாளர் அவனைக் கூப்பிட்டு, இந்த வெட்டுக்காலத்தோடு போதும் என்றார். கோபப்படவில்லை. ஆலைக்குள் நடப்பதை வெளியே கொண்டுபோகிறவனை எப்படி வைத்துக்கொள்வது என்று வருத்தப்பட்டார். பிறகு எழுதிய ஒவ்வோர் ஆலையிலிருந்தும், வாய்ப்பிருந்தால் அடுத்த வருஷம் தெரிவிக்கிறோம் என்றே பதில் வந்தது.

ஊருக்குத் திரும்பிய வாரத்தில் மருதையைப் பார்க்கப் போனான். மருதை வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். விசாரணையில் நடந்ததை எல்லாம் கேட்டார்.

"சின்னன் பொண்டாட்டியப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா. அவங்க என்கிட்ட ஒண்ணும் பேசல."

"நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

மருதை தலையாட்டிக்கொண்டார். அரிவாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்டினார். பிறகு அவரே பேசினார்.

"பெல்-ஓர்மோல என்னத் திரும்ப வரச் சொல்லுறாங்க. மூணாம் நம்பர் எடத்துல நிக்க ஆள் கெடைக்கலையாம். வேற தோட்டத்துலேருந்து ஒரு கொதிகலன் வாங்கி வச்சிருக்காங்க. பழசு."

"போகாதீங்க மாமா."

"வீடு குடுக்குறேங்குறாங்க" என்றார் மருதை. பூங்காவனம் உள்ளே இருமினாள். ஈரத் தரையில் படுத்து வந்த இருமல்.

அவர் போனார். மூன்று வெட்டுக்காலம் அந்தப் பழைய கொதிகலனின் அடுப்புக் கதவுக்கு நேராக நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. முழங்கால் தளர்ந்ததும் திரும்பி வந்து, பிறகு பல வருஷம் ட்ரியோலேயில் உயிரோடு இருந்தார். திருவேங்கடத்தோடு நல்லபடியாகவே பேசினார், மிஸ்யே என்று கூப்பிட்டு.

திருவேங்கடத்துக்குக் கடைசியில் போர்ட் லூயிஸில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்த நகரத்திலேயே டிராங்கெபார் என்ற பகுதியில் வீடு பிடித்தார். பார்வதியைக் கல்யாணம் செய்துகொண்டார். நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே அவருக்குப் பெரும்பாலான வேலை. கண்டதைக் கண்டபடி எழுதினார். டாக்டர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். திறமைசாலி என்று பெயர் எடுத்தார். வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

கல்யாணமான முதல் வருஷத்திலேயே பார்வதி ஒன்றைக் கவனித்தாள். ஜூலையில் ஆலைகள் ஓட ஆரம்பித்தால் அவர் மூக்கு எதையோ தேடும். அடுப்பில் பால் தீய்ந்தால்கூட எழுந்து வந்து நிற்பார். ட்ரியோலேயிலிருந்து யாராவது வந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் பெல்-ஓர்மோவில் ஏதாவது உண்டா என்று கேட்பார். இல்லை என்றால் அந்த இல்லையை நம்பாதவர்போல இன்னொருமுறை கேட்பார். "ஆலை நின்னு டிசம்பர் வந்தாத்தான் எங்க வீட்டுல இவரு இருப்பாரு" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். கேட்டவர்களும் சிரிப்பார்கள்.