பிறந்தநாள் தவறாமல் வந்த சிவப்பு முட்டை

போன வருடம் சீனப் பெருநாள் முடிந்த வாரம் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து நான் அழுத அழுகை அம்மாவுக்காக மட்டும் இல்லை. என்னைப் பெற்றவள் யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

என்னை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். கெலாங் பாத்தாவில் பாலர் பள்ளி ஆசிரியை. முகம் சீன முகம், வாய் சுத்தத் தமிழ் வாய். கடைக்காரர் என்னிடம் சீனத்தில் பேசுவார், நான் திருதிருவென்று முழிப்பேன். பிறகு என் கணவர் தானியேலைப் பார்த்து, "என்னாங்க சொல்றாரு இவரு?" என்று கேட்பேன். கடைக்காரர் அசந்துபோவார்.

நான் பிறந்த காலத்தில் குளுவாங் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை. பெண் பிள்ளைகள் அதிகமாகிவிட்ட சில சீன வீடுகளில் பிறந்த குழந்தையைத் தமிழர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கோர்ட் கிடையாது, விசாரணை கிடையாது. கையிலிருந்து கைக்குப் போகும். பிறப்புப் பத்திரத்தில் வளர்க்கிறவர்கள் பெயரையே போட்டுவிடுவார்கள். அதனால் எனக்குத் தேடிப்போக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அம்மா எதையும் மறைக்கவில்லை. "உன்னை ஆண்டவர் குடுத்தாரு, ஒரு சீனத்தி மூலமா குடுத்தாரு" என்பார். யார் அந்தச் சீனத்தி என்று கேட்டால் மட்டும், "நேரம் வரும்போது சொல்றேன்லா, அவசரப்படாதே" என்று அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். பேரன் எடுக்கும் வயதாகியும் எனக்கு அந்த நேரம் வரவில்லை.

அம்மாவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். குளிப்பாட்டுவேன், கஞ்சி ஊட்டுவேன், பக்கத்திலேயே மண்டியிட்டு ஜெபிப்பேன். "ஆண்டவரே, அம்மா வாயைத் திறந்துவிடும். ஒரு பெயர் போதும். அவள் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று தெரிந்தால் போதும். அவள் முகத்தை ஒரே ஒரு தரம் பார்க்க வேண்டும்." சபையாரும் எனக்காக உபவாசம் இருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் அம்மாவுக்கு வார்த்தை வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

"முட்டை."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெயர் கேட்டேன் ஆண்டவரே, முட்டையா கொடுப்பீர்?

சரி, ஆசைப்படுகிறாரே என்று கோழிமுட்டை அவித்துக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். காப்பிக்கடையில் கொடுப்பதுபோல அரைவேக்காடாக்கி, சோயா சாஸ் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் தள்ளிவிட்டார். இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் போட்டிருந்தது சிவப்புச் சட்டை. சட்டையை இழுப்பார், "முட்டை, முட்டை" என்பார்.

தானியேலுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "ஏய், உனக்குப் பிறந்தநாள் வருதுல்ல? அம்மா சிவப்பு முட்டை கேக்கறாங்க."

என் பிறந்தநாளுக்கு அம்மா எப்போதும் சாயம் பூசிய ஒரு சிவப்பு முட்டை தருவார். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும், குளுவாங்கிலிருந்து பஸ் ஏறி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். நான் பிறந்தது ஏப்ரலில். ஆகவே அது கோயிலில் கொடுத்த ஈஸ்டர் முட்டை என்றுதான் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். உடனே கடைக்கு ஓடி, சிவப்புச் சாயம் வாங்கி, ஒரு முட்டைக்குப் பூசி அம்மா கையில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தார். தேம்பித் தேம்பி அழுதார். வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"அம்மாவுக்கு இதை யாரு குடுப்பாங்க?" என்று தானியேல் கேட்டார்.

"கோயில்லதான். ஈஸ்டர் முட்டை."

"ஈஸ்டர் வருஷா வருஷம் தேதி மாறும்லா. முட்டை மட்டும் எப்படி உன் பிறந்தநாளன்னிக்கே கரெக்டா வருது?"

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஈஸ்டர் பாடம் நடத்துகிறவள் நான்! அலமாக், இது எனக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லையே. சீனர்கள் குழந்தை பிறந்த வீட்டிலும் பிறந்தநாளிலும் சிவப்பு முட்டை கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மாகூட எனக்குக் கொடுத்திருக்கிறார். நன்றி சொல்லி வாங்கித் தின்றிருக்கிறேன். ஆனாலும் என் கையில் வருடா வருடம் வந்த முட்டையை நான் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறந்தநாளன்று காலையிலேயே அம்மாவைக் காரில் ஏற்றிக் குளுவாங் போனோம். ஊருக்குள் சந்தையைக் கண்டதும் அம்மா கையை நீட்டினார், அதன் வாசலில் சக்கர நாற்காலியை இறக்கினோம். அம்மா இடது கை விரலால் வழி காட்டினார். காய்கறிக் கடைகளைத் தாண்டி, மீன் ஈரத்தைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போனோம். அங்கே முட்டைக் கடை. முட்டைத் தட்டுகளுக்குப் பின்னால் முக்காலியில் ஒரு வயதான சீன அம்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தெரிந்த முகம்தான். எங்களுக்கு அவர் முட்டை ஆன்ட்டி. சின்ன வயதில் அம்மாவோடு சந்தைக்குப் போனால் என் கன்னத்தைக் கிள்ளுவார். "சாப்பிட்டியா? பள்ளிக்கூடம் போறியா?" என்று சந்தைத் தமிழில் கேட்பார். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை இருக்க, இவ்வளவு தூரம் எதற்கு வருகிறோம் என்று நான் அம்மாவிடம் முணுமுணுத்ததுண்டு.

அவர் முன்னால் ஒரு கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் ஒரு சிவப்பு முட்டை இருந்தது.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். "அக்கா! என்னா ஆச்சு அக்கா? ஏன் இவ்ளோ நாள் வரல?" அம்மாவின் விழுந்த கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார்.

"அக்கா, சொல்லியாச்சா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினார். என் கையைப் பிடித்து இழுத்து, அவர் கையில் வைத்து, "முட்டை" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தைத் தரை ஈரம். புதுச் சேலை. யாருக்கு அந்தக் கவலை! அந்த முகத்தைப் பார்த்தேன். மூக்கு என் மூக்கு. காது என் காது. இதைத்தானே ஒரே ஒரு தரம் காட்டும் என்று அழுதேன்? ஆண்டவர் வாராவாரம் காட்டியிருக்கிறாரே!

தமிழும் மலாயும் கலந்து அவர் சொன்னார். வரிசையாகப் பெண் பிள்ளைகளாம். நான் பிறந்ததும் அவர் கணவர் படுத்த படுக்கையானாராம். பிள்ளை பிறந்த நேரம் அப்பாவுக்கு ஆகவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். வாடிக்கையாக முட்டை வாங்க வந்த, பிள்ளையில்லாத என் அம்மாவிடம் அவரே கொண்டுவந்து கொடுத்தாராம்.

"நான் அக்காகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். பிறந்தநாளுக்குச் சிவப்பு முட்டை நான்தான் தருவேன். நீ கொண்டுபோய்க் குடு. நான் சொல்லுன்னு சொல்ற வரைக்கும் சொல்லாதே. இந்தப் பெருநாளுக்குத்தான் சொல்லுன்னு சொன்னேன். எனக்கும் வயசாச்சு."

அந்த வாக்கைத்தான் அம்மா இத்தனை காலம் கட்டிக் காத்திருக்கிறார். பேச்சே போன பிறகும் அந்த ஒரு வார்த்தையைக் கர்த்தர் அவர் நாவில் விட்டுவைத்தார். நான் கேட்ட பெயரைவிட அது பெரிது. பெயர் தெரிந்திருந்தால் ஊர் ஊராக விசாரித்திருப்பேன். முட்டை என்னை நேராக வாசலுக்கே கொண்டுபோய் விட்டது. ஸ்தோத்திரம்!

எங்கள் சபையில் ஒரு தம்பதி இப்போது பிள்ளை எடுக்கப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சமூக நல அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே விஷயத்தைச் சொல்லி வளருங்கள் என்கிறார்கள். இவ்வளவு தொல்லையா என்று அந்தத் தங்கச்சி அலுத்துக்கொண்டாள். "தொல்லை இல்லம்மா, நல்லது. சொல்லியே வளரு" என்றேன். பெற்றவளைப் பற்றிச் சொன்னால் வளர்த்தவள் குறைந்துபோக மாட்டாள். என் அம்மா எனக்கு ஒரு துளிகூடக் குறையவில்லை.

என்னைப்போல ஏதோ ஒரு கதவு அடைபட்டுவிட்டது என்று அழுதுகொண்டிருக்கிறவர்களே, ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். வருகிற பதில் உங்களுக்குச் சிரிப்பாகவோ எரிச்சலாகவோ இருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். கொஞ்சம் அதன் பின்னால் போய்ப் பாருங்கள்.

இந்த ஏப்ரலில் இரண்டு பேரையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்தோம். முட்டையை உரித்தது ஒருவர், ஊட்டிவிட்டது ஒருவர், இடது கையால். சமையலறையிலிருந்து நான் "அம்மா!" என்று கூப்பிட்டேன். இரண்டு தலையும் திரும்பின.