பிச்சைமணி முளைக்கும் இடம்

மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கு ஒன்றில், செத்துப்போன சுமைதூக்கி பிச்சைமணி மழைக்கு மழை சிவப்புத் தலைப்பாகையோடு மண்ணிலிருந்து எழுந்து வருகிறார் என்று தோப்பும்படி வரைக்கும் பேச்சு. பார்த்துவிட்டு வரலாமே என்று போனேன்.

வந்திருந்தார். முற்றத்துப் பாசிக்கு நடுவே, சுண்டுவிரல் உயரத்தில் காளான்கள். ரத்தச் சிவப்பு, மெழுகு பூசினாற்போல் ஈரப் பளபளப்பு, குனிந்து பார்த்தால் குடைக்கடியில் மஞ்சள் மடிப்புகள். படித்தவர்கள் ஹைக்ரோசைபி என்பார்கள். அங்கே சுக்குப் புடைக்கும் மூக்கம்மாள், “எங்க வீட்டுக்காரரு” என்றாள்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பிச்சைமணி விழுந்தது இந்த முற்றத்து மண்ணில்தான். மூட்டை சரிந்தது என்கிறாள் அவள். நெஞ்சுவலி என்கிறார் முதலாளி. ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கிடங்கில் லீவு கிடையாது. குழிமேட்டில் பால் தெளித்து நவதானியம் விதைக்கும் நாளுக்கு முன்பே திரும்பிவிட்டாள். அந்தச் சடங்கை இங்கே, அவர் விழுந்த இடத்தில் செய்தாள். புதைத்தது ஓரிடம், விதைத்தது வேறிடம். தானியத்தைப் புறா தின்றது. மழை பிடித்ததும் இவை வந்தன.

“செத்தவருக்கு வேற வேலை இல்லையா?” என்றேன்.

“இருந்தப்பவும் லீவு இல்ல. இப்பத்தான் வருசத்துல நாலு நாள் வந்து சும்மா நிக்காரு. அது பொறுக்கலையா ஒமக்கு?”

பொறுக்காதவர் முதலாளி. அடுத்த கோடையில் முற்றம் முழுக்க இன்டர்லாக் சிமென்ட் கட்டை பதிக்கக் கொத்தனார் அனிலைக் கூட்டிவந்தார்.

“அந்த எடத்த மட்டும் விட்டுருங்க சேட்டா. அவரு வார வழி அது” என்றாள் மூக்கம்மாள்.

“முதலாளி பறஞ்சா ஞான் என்ன செய்ய, சேச்சி?” என்று தலையைச் சொறிந்த அனில், கடைசியில் அங்கே ஒரே ஒரு கட்டையைப் பதிக்காமல் விட்டான். முதலாளியிடம், “ஒண்ணு குறவு. நாளைக்குக் கொண்டுவராம்.”

மறுமழைக்குப் போனேன். அந்த ஓட்டையில் வெறும் மண். மூக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வழி தெரியாமப் போயிட்டாரோ?”

அப்போது முதலாளியின் அறைப்பக்கம் ஒரு சத்தம். வாசற்படியில், அவர் செருப்பு விடும் இடத்தில், கல் இடுக்கெல்லாம் சிவப்பு. செருப்பைச் சுற்றி நின்றன.

“என்னடீ இது?”

“கேக்க வந்திருக்காரு மொதலாளி. மூட்டையா, நெஞ்சுவலியான்னு.”

அவர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார். மூக்கம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

இப்போது முதலாளி பின்வாசல் வழியாகத்தான் அறைக்குப் போகிறார். படியை மூட அனிலுக்கு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். அனில் வைப்பின் தீவில் வேலை என்கிறான். அந்த ஒரு கட்டை இன்னும் பாக்கி.